குழந்தையின் இருமலுக்கு சிரப் தேவைதானா? கோல்ட்ரிஃப் விட்டுச்சென்ற பாடம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஸ்ரீமுஷ்ணம் கடைவீதியில் இரண்டு இடங்களில் கூட்டம் குறையாது. ஒன்று டீக்கடை, இன்னொன்று மெடிக்கல் ஷாப். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மெடிக்கல் வாசலில் நின்று பார்த்தால், இடுப்பில் குழந்தையும் கையில் குடையுமாக அம்மாக்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பேச்சு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்.

"அண்ணே, புள்ள ராவெல்லாம் இருமுதுண்ணே. நல்லா கேக்குற மாதிரி ஒரு சிரப் குடுங்க."

"என்ன வயசும்மா?"

"ரெண்டு முடிஞ்சிருக்கு."

ஒரு நிமிடத்துக்குள் பாட்டில் கை மாறிவிடும். இதில் யாரையும் சட்டென்று குற்றம் சொல்லிவிட முடியாது. அந்த அம்மா ராத்திரி தூங்கவில்லை. விடிந்தால் நடவுக்கோ களை எடுக்கவோ போக வேண்டும். குழந்தைகள் டாக்டரைப் பார்க்க விருத்தாசலம் போனால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு வேறு. கடைக்காரருக்கோ வாடிக்கையாளரை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப மனசு வராது. ஸ்ரீமுஷ்ணத்தில் மட்டுமில்லை, தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் இதுதான் நடைமுறை.

ஆனால், 2025 அக்டோபருக்குப் பிறகும் இந்த ஒரு நிமிடப் பேச்சு அப்படியே தொடரலாமா? அப்போது என்ன நடந்தது, இருமும் குழந்தைக்கு வீட்டில் உண்மையில் என்ன செய்யலாம், எப்போது தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

என்ன நடந்தது?

மத்தியப் பிரதேச மாநிலம் சிந்த்வாரா மாவட்டத்தில் பராசியா என்ற பகுதி இருக்கிறது. 2025 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் அங்கே சின்னக் குழந்தைகளுக்குச் சளி, இருமல், லேசான காய்ச்சல் வந்தது. மழைக்காலத்தில் எங்கும் வருவதுதான். சிகிச்சைக்குப் போன இடத்தில் சிரப் எழுதிக் கொடுத்தார்கள், பெற்றோரும் வாங்கிக் கொடுத்தார்கள். சில நாட்களில் குழந்தைகளுக்குச் சிறுநீர் குறைந்தது, பிறகு நின்றே போனது. நாக்பூர் மருத்துவமனைகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டயாலிசிஸ் செய்தும் பலரைக் காப்பாற்ற முடியவில்லை. 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள்.

தண்ணீரில் ஏதாவது கோளாறோ, தொற்று நோயோ என்றுதான் முதலில் சந்தேகித்தார்கள். சிறுநீரகத் திசுவை எடுத்துச் சோதித்த பிறகே, ஏதோ ஒரு நச்சுப் பொருள்தான் காரணம் என்பது பிடிபட்டது. குழந்தைகள் குடித்த சிரப்பின் பெயர் கோல்ட்ரிஃப்.

அது எங்கிருந்தோ வந்த மருந்து இல்லை. நம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் என்ற நிறுவனத்தில் தயாரானது. மத்தியப் பிரதேசத்தில் இருந்து தகவல் வந்ததும் அக்டோபர் முதல் தேதி தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகள் அங்கே போனார்கள். எஸ்.ஆர்.13 என்ற தொகுதி எண் கொண்ட மாதிரியை எடுத்துச் சென்னையில் சோதித்தார்கள். 100 மில்லிலிட்டர் சிரப்பில் 48.6 கிராம் டை எத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம்தான். அதாவது குழந்தைகள் குடித்ததில் கிட்டத்தட்டப் பாதி விஷம்.

தமிழ்நாட்டில் அந்த மருந்தின் விற்பனை தடை செய்யப்பட்டது. அக்டோபர் 9-ம் தேதி நிறுவனத்தின் உரிமையாளர் சென்னையில் கைது செய்யப்பட்டார். 13-ம் தேதி நிறுவனத்தின் உரிமம் ரத்தானது. அதே நாளில் உலக சுகாதார நிறுவனமும் இந்த மருந்தைப் பற்றி எல்லா நாடுகளுக்கும் எச்சரிக்கை விடுத்தது.

விஷம் எப்படி மருந்துக்குள் வந்தது?

சிரப் என்பது மருந்துப் பொடியை ஒரு திரவத்தில் கரைத்து, இனிப்பும் மணமும் நிறமும் சேர்ப்பதுதான். பாராசிட்டமால் போன்றவை வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற திரவங்களைச் சேர்ப்பார்கள். மருந்துத் தரத்தில் இருந்தால் இவற்றால் ஆபத்து இல்லை.

இதே புரொப்பிலீன் கிளைக்கால் தொழிற்சாலை உபயோகத்துக்கான மலிவுத் தரத்திலும் கிடைக்கிறது. அதில் டை எத்திலீன் கிளைக்கால் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. சில சமயம் டிரம்மில் ஒட்டியிருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு என்றும் ஆகிவிடுகிறது. டை எத்திலீன் கிளைக்கால் என்பது பிரேக் ஆயில், பெயின்ட், பிளாஸ்டிக் தொழில்களில் பயன்படும் பொருள். உடம்புக்குள் போனால் கல்லீரல் அதை வேறொரு அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைச் சிதைக்கிறது. முதலில் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். பிறகு சிறுநீர் குறையும். அதன் பின் நரம்பு மண்டலமும் பாதிக்கப்படும்.

இதில் மிக மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. டை எத்திலீன் கிளைக்காலுக்கு நிறம் கிடையாது. வாசனை கிடையாது. குடித்தால் இனிக்கும். பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே ஒரு ஜாடியில் விரிசல் விட்டிருந்தால் வாங்குகிறவர் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். சிரப் பாட்டிலை எத்தனை தடவை ஆட்டிப் பார்த்தாலும், முகர்ந்தாலும், நக்கிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. படித்த அம்மாவாலும் முடியாது, பல வருஷம் கடை நடத்தியவராலும் முடியாது, மருத்துவராலும் முடியாது. ஆய்வகத்தால் மட்டும்தான் முடியும்.

இது முதல் முறையா?

இல்லை. இந்த விஷத்துக்கு 90 வயது ஆகப்போகிறது. 1937-ல் அமெரிக்காவில் இதே திரவத்தில் கரைத்த ஒரு மருந்தைக் குடித்து 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். அடுத்த ஆண்டே, பாதுகாப்பை நிரூபிக்காமல் புதிய மருந்தை விற்க முடியாதபடி அங்கே சட்டம் வந்தது.

நம் நாட்டில்? 1970-களின் தொடக்கத்தில் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலேயே பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை இது பலி கொண்டது. 1998-ல் டெல்லி, குர்கான் பகுதியில் 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள். 2020 தொடக்கத்தில் ஜம்முவின் ராம்நகரில் பத்துக்கும் மேல். 2022-ல் ஆப்பிரிக்காவின் காம்பியாவிலும், பிறகு உஸ்பெகிஸ்தானிலும் குழந்தைகள் கூட்டமாக இறந்தபோது, இரண்டு இடங்களிலும் சந்தேகத்துக்கு ஆளானவை இந்தியாவில் தயாரான சிரப்புகள்.

ஊர் மாறியது, நிறுவனத்தின் பெயர் மாறியது. குழந்தைக்கு வந்த நோய் மட்டும் பெரும்பாலும் அதேதான்: தானாகவே சரியாகிப் போயிருக்கக்கூடிய சளி, இருமல், காய்ச்சல்.

பொறுப்பு யாருடையது?

முதல் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வாங்கும் மூலப்பொருளின் ஒவ்வொரு தொகுதியையும் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும், தயாரான மருந்தையும் சோதிக்க வேண்டும். சட்டம் அதைத்தான் சொல்கிறது.

அடுத்த பொறுப்பு அரசுடையது. தமிழ்நாட்டு அதிகாரிகள் தகவல் வந்ததும் விடுமுறை நாளென்றும் பார்க்காமல் வேகமாக வேலை செய்தார்கள், அது பாராட்டத்தக்கது. ஆனால், அந்த வேகமே ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. அந்தத் தொகுதி தயாரானது 2025 மே மாதம். மாதிரி எடுத்த பிறகு ஓரிரு நாளில் கண்டுபிடிக்க முடிந்த விஷத்தை, நடுவில் இருந்த மாதங்களில் யாரும் தேடவில்லை. போய்ப் பார்த்தபோது அந்தத் தொழிற்சாலையில் 300-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள் பதிவாயின. அவையெல்லாம் ஒரே ராத்திரியில் முளைத்தவையாக இருக்க முடியாது. தமிழ்நாட்டில் மருந்து ஆய்வுகளும் மாதிரி சேகரிப்பும் இலக்கைவிடக் குறைவாக நடக்கின்றன என்று மத்தியத் தணிக்கைத் துறை அதற்கு முன்பே சுட்டிக்காட்டியிருந்தது.

எனவே, 'ஜாக்கிரதையாக இருங்கள்' என்று பெற்றோருக்குப் புத்தி சொல்வதோடு இந்த விஷயத்தை முடித்துவிடக் கூடாது. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அம்மாவின் வேலை இல்லை. அது அரசின் வேலை. அம்மாவின் கையில் இருப்பது வேறொரு முடிவு: இந்த பாட்டில் நம் வீட்டுக்குள் வரத்தான் வேண்டுமா என்பது.

சிரப் கொடுக்காவிட்டால் இருமல் எப்படிப் போகும்?

பெரும்பாலும் தானாகவே போய்விடும். இதைச் சொன்னால் நம்பத் தயக்கமாகத்தான் இருக்கும். குழந்தைகளுக்கு வரும் சளி, இருமலில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஐந்து வயதுக்குள் இருக்கும் ஒரு ஆரோக்கியமான குழந்தைக்கு வருஷத்தில் ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது சகஜம். அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ போக ஆரம்பித்த முதல் வருஷத்தில் இன்னும் கூடுதலாகவே வரும். மூக்கு ஒழுகுவது ஒரு வாரத்தில் நின்றுவிடும். இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரம் வரை இழுக்கலாம்.

இருமல் எதிரி இல்லை. மூச்சுக்குழாயில் சேரும் சளியை வெளியே தள்ள உடம்பு செய்யும் வேலை அது. கடையில் விற்கும் இருமல், சளி சிரப்புகள் இந்த நாட்களைக் குறைப்பதாக நல்ல ஆதாரம் எதுவும் இல்லை. சிரப் குடித்ததும் குழந்தை அசந்து தூங்குவதைப் பார்த்து 'நல்லா கேக்குது' என்று நினைக்கிறோம். அதில் இருக்கும் குளோர்பெனிரமைன் போன்ற மருந்துகளுக்கு மயக்கம் தருவது ஒரு பக்கவிளைவு. குழந்தை தூங்குகிறது, நோய் தன் போக்கில்தான் போகிறது.

அதனால்தான் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் 2025 அக்டோபர் 3-ம் தேதி எல்லா மாநிலங்களுக்கும் அறிவுரை அனுப்பியது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கவே கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. அதற்கு மேற்பட்ட வயதில் தேவைப்பட்டால், மருத்துவர் பார்த்து, சரியான அளவில், குறைந்த நாட்களுக்கு, பல மருந்துகளை ஒன்றாகக் கலக்காமல் கொடுக்க வேண்டும். கோல்ட்ரிஃப்பில் இருந்த குளோர்பெனிரமைன், பினைல்எஃப்ரின் ஜோடியை எடுத்துக்கொண்டால், அந்தக் கூட்டு மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. சுத்தமாகத் தயாரானாலும் சரி, அது சின்னக் குழந்தைக்கான மருந்து இல்லை.

சரி, வீட்டில் என்னதான் செய்வது?

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். சளி பிடித்திருக்கிறது என்று பாலை நிறுத்தக் கூடாது. மூக்கடைப்பால் ஒரே மூச்சாகக் குடிக்க முடியாது என்பதால், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். அம்மா தலைக்குக் குளித்ததால் குழந்தைக்குச் சளி பிடித்தது என்பதெல்லாம் உண்மையில்லை.

மூக்கடைப்புக்கு மெடிக்கலில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். பால் குடிக்கும் முன்பும் தூங்கும் முன்பும் ஒவ்வொரு மூக்கிலும் ஓரிரு சொட்டு விட்டு, வெளியே வருவதை மெல்லிய துணியால் துடைத்துவிடலாம்.

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சி, காரம் குறைத்த ரசம் சாதம் என்று வழக்கமான சாப்பாட்டையே சிறிய அளவில் அடிக்கடி கொடுக்கலாம். ஒரு வயது முடிந்த குழந்தைக்குப் படுக்கப்போகும் முன் அரை ஸ்பூன் முதல் ஒரு ஸ்பூன் வரை தேன் கொடுத்தால் ராத்திரி இருமல் கொஞ்சம் அடங்கும். ஒரு வயதுக்குள் தேன் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. பிறந்த குழந்தைக்கு நாக்கில் தேன் தடவும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதையும் விட்டுவிட வேண்டும். பச்சைக் குழந்தையின் குடலில் தேனில் இருக்கும் ஒருவகைக் கிருமி வளர்ந்து நரம்புகளை முடக்கிவிடும் ஆபத்து உண்டு.

வீட்டில் புகை வேண்டாம். அப்பாவின் பீடி, சிகரெட், கொசுவத்தி மட்டுமில்லை, குளிப்பாட்டியதும் பச்சைக் குழந்தைக்குக் காட்டும் சாம்பிராணியும் புகைதான். இருமும் குழந்தையின் மூச்சுக்குழாயை எல்லாமே எரிச்சலூட்டும்.

பாட்டி வைத்தியம் எதுவரை?

துளசி, கற்பூரவல்லி போட்டுக் காய்ச்சிய தண்ணீரை ஒரு வயது தாண்டிய குழந்தைக்குக் கொஞ்சமாகக் கொடுப்பதில் பெரிய பயமில்லை. ஆனால், அன்பின் பெயரால் செய்கிற சில காரியங்கள் நேராக ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும்.

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும். குளிப்பாட்டும்போது வாய்க்குள் விரல் விட்டு 'சளி எடுப்பது', மூக்கில் வாய் வைத்து ஊதுவது, தொக்கம் எடுப்பது வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கலந்து நெஞ்சில் தடவுவதும் ஆபத்துதான். கற்பூரம் குழந்தையின் உடம்புக்குள் போனால் வலிப்பு வரும். ஆவி பிடிக்க வைக்கிறேன் என்று கொதிநீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் குழந்தையை வைத்திருப்பதும் வேண்டாம். ஒரு தட்டு தட்டினால் போதும், சளி போய்த் தீக்காயம் வந்து நிற்கும்.

எப்போது பயப்பட வேண்டும்?

'எத்தனை தடவை இருமுகிறது' என்று எண்ணுவதை விட்டு, 'எப்படி மூச்சு விடுகிறது' என்று பாருங்கள். இதற்கு ஸ்டெதஸ்கோப் தேவையில்லை. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, செல்போனில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு, வயிறும் நெஞ்சும் எத்தனை முறை ஏறி இறங்குகின்றன என்று முழு நிமிடமும் எண்ணுங்கள்.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. நிமோனியாவாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் கற்றுக்கொடுக்கும் கணக்கும் இதேதான்.

வேறு சில அறிகுறிகளும் உண்டு. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, மூச்சில் சத்தம் வருவது, உதடு நீலம் பாய்வது, பால் குடிக்கவோ தண்ணீர் குடிக்கவோ முடியாமல் போவது, குடித்ததை எல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலே, வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

சிந்த்வாரா சொல்லிக்கொடுத்த இன்னொரு அறிகுறி சிறுநீர். எந்த மருந்து கொடுத்திருந்தாலும் சரி, ஆறிலிருந்து எட்டு மணி நேரம் குழந்தை சிறுநீர் கழிக்கவில்லை என்றால் அலட்சியம் வேண்டாம். குடித்த மருந்தின் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், அடுத்து விருத்தாசலம் அரசு மருத்துவமனை, அதற்கும் மேல் சிதம்பரத்தில் அண்ணாமலை நகரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எங்கே போவது, இது அவசரமா இல்லையா என்று குழப்பமாக இருந்தால் 104 என்ற அரசு உதவி எண்ணில் கேட்கலாம்.

காய்ச்சல் மருந்திலும் கவனம் வேண்டுமா?

கண்டிப்பாக. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் நல்ல மருந்து, அளவு தவறாத வரை. அளவை முடிவு செய்வது குழந்தையின் வயது இல்லை, எடை. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது பொதுக் கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஆறு மணி நேரம் இடைவெளி இருக்க வேண்டும். ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம்.

சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? பாராசிட்டமால் பல திடத்தில் விற்கிறது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருப்பது ஒன்று. 5 மில்லியில் 250 இருப்பது இன்னொன்று. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். அந்த 150 மில்லிகிராம் கிடைக்க, முதலாவதில் ஆறு மில்லிக்குச் சற்று மேல், இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லிதான் தேவை. 'போன தடவை ஆறு மில்லி குடுத்தோமே' என்று சொட்டு மருந்தில் ஆறு மில்லி ஊற்றினால், கொடுக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு போய்விடும். அது கல்லீரலைக் கெடுக்கும்.

கோல்ட்ரிஃப் மாதிரியான பல 'சளி சிரப்'புகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று இரண்டு பாட்டில் கொடுக்கும் அம்மாவுக்கு, ஒரே மருந்தை இரண்டு தடவை கொடுக்கிறோம் என்பதே தெரியாது.

வீட்டு ஸ்பூனால் அளக்காதீர்கள், ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. பாட்டிலோடு வரும் மூடியையோ ஊசி இல்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். குழந்தையின் எடை தெரியாவிட்டால் அங்கன்வாடியில் போட்டுப் பார்க்கலாம். அந்த எண்ணை மருத்துவரிடமும் மெடிக்கலிலும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மெடிக்கலில் என்ன கேட்க வேண்டும்?

"இருமலுக்கு ஏதாச்சும் குடுங்க" என்று கேட்பதை நிறுத்துவோம். மருத்துவர் எழுதிய சீட்டு இருந்தால் மட்டும் குழந்தைக்குச் சிரப் வாங்குவோம். எழுதும் மருத்துவரிடமும், "சார், இது அவசியம்தானா? இல்லாம சமாளிக்க முடியுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார். கையில் ஒரு பாட்டில் இல்லாமல் திரும்பினால் 'டாக்டர் சரியாப் பாக்கல' என்று நாம் நினைக்கிறோம். அந்த எதிர்பார்ப்புக்காகவே எழுதப்படும் சிரப்புகளும் உண்டு என்பதை இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கினால் பில் கேட்டு வாங்குங்கள். பாட்டிலில் தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், காலாவதி தேதி ஆகியவற்றைப் பாருங்கள். குழந்தை குணமாகிச் சில நாட்கள் ஆகும் வரை பாட்டிலையும் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள். ஒரு மருந்தில் கோளாறு என்று செய்தி வந்தால், உங்களிடம் இருப்பது அந்தத் தொகுதியா என்று பார்க்கவும், புகார் கொடுக்கவும் அந்த எண்தான் உதவும். அதன் பிறகு மிச்சம் மீதியைக் கொட்டிவிடுங்கள். அக்கா குழந்தைக்கு எழுதியதைத் தங்கை குழந்தைக்குக் கொடுப்பது, போன மழைக்கு வாங்கிய ஆன்டிபயாடிக்கை இந்த மழைக்கு எடுப்பது இரண்டும் வேண்டாம்.

தடுக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் இலவசமாக. இருமலோடு வரும் நோய்களில் உயிரைப் பறிப்பது நிமோனியா. அதை உண்டாக்கும் இரண்டு முக்கியமான பாக்டீரியாக்களுக்கு எதிராக அரசே தடுப்பூசி போடுகிறது. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில். நிமோகாக்கல் ஊசி ஒன்றரை மாதத்திலும் மூன்றரை மாதத்திலும், பிறகு ஒன்பதாம் மாதத்திலும். பென்டாவேலன்ட் ஊசியை 2011-ல் நாட்டிலேயே முதலில் அரசுத் திட்டத்தில் கொண்டுவந்தவை தமிழ்நாடும் கேரளமும்தான். நிமோகாக்கல் ஊசி 2021 முதல் இங்கே கிடைக்கிறது. தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் பணம் கட்டிப் போடுகிற அந்த ஊசி, துணை சுகாதார நிலையத்தில் செலவில்லாமல் கிடைக்கிறது. இன்று ஒரு தடவை உங்கள் குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஏதாவது விட்டுப் போயிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள்.

அரசுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சிரப்புக்கான மூலப்பொருள் ஒவ்வொரு தொகுதியும் சோதிக்கப்பட்டதா என்பதைக் குழந்தைகள் செத்த பிறகு போய்ப் பார்ப்பது ஆய்வு ஆகாது. மருந்து ஆய்வாளர் இடங்களை நிரப்ப வேண்டும். எந்த மருந்து, எந்தத் தொகுதி தரம் தவறியது என்ற விவரம் ஒவ்வொரு மாதமும் இணையத்தில் வந்தால் மட்டும் போதாது, ஸ்ரீமுஷ்ணம் மெடிக்கல் வாசலில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சாயங்காலமும் குழந்தைகளைப் பார்க்க மருத்துவர் இருந்தால், அந்த அம்மா மெடிக்கல் வாசலில் நிற்க வேண்டிய அவசியமே பாதி குறைந்துவிடும்.

அதுவரை ராத்திரி இருமல் நிற்கப்போவதில்லை. அடுத்த மழை இரவில் குழந்தை இருமி எழுந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பும் முன் விளக்கைப் போடுங்கள். குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். பால் குடித்ததா, சிறுநீர் போனதா என்று யோசியுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் தட்டிக்கொடுங்கள். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் போக வேண்டிய இடம் மெடிக்கல் ஷாப் இல்லை, ஆஸ்பத்திரி.